யாருடைய விந்தணு என்பதற்கு முன்னால்…

வாசகர் கேள்வி – டாக்டர் அம்மா பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: டோனர், அதாவது கொடையாளர் ஒருவரின் விந்தணுவை வைத்துக் குழந்தை பெறுவது. பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். போடவில்லை. வயல்காட்டைத் தாண்டி யார் வீட்டில் யாருக்குக் குழந்தை இல்லை என்பது தெரிந்துவிடும் பக்கம் இது என்பதால் ஊரையும் சற்றுத் தள்ளியே குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 31, கணவருக்கு 36. கல்யாணமாகி ஆறு வருடங்கள். அவர் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறார். போன மாதம் விந்துப் பரிசோதனையில் ‘அணுக்கள் இல்லை’ என்று வந்தது. ஒரு மையத்தில், ‘டோனர் வைத்து ஐ.யூ.ஐ. (அணுவை நேராகக் கருப்பைக்குள் விடுவது) செய்துகொள்ளுங்கள், செலவு குறைவு’ என்றார்கள். இன்னொரு மையத்தில், ‘விரையிலிருந்து அணுவை எடுத்து இக்சி (ஆய்வகத்தில் முட்டைக்குள் ஒரு அணுவை ஊசியால் செலுத்துவது) செய்யலாம்’ என்று லட்சக் கணக்கில் சொன்னார்கள். மாமியார், ‘வெளியார் எதற்கு, சின்னவன் இருக்கிறானே’ என்கிறார். கணவர் வாயே திறப்பதில்லை. முதல் மையத்தில் ஒரு பெண் என்னைத் தனியாக அழைத்து, ‘அவருக்குத் தெரியாமலேயே வைத்துவிடலாம், பிறகு எல்லாம் சரியாகிவிடும்’ என்றாள். நான் என்ன செய்வது?
— நீடாமங்கலம் பக்கத்து வாசகி

பதில்: முதலில் அந்தப் பெண் உங்கள் காதில் ஓதியதைப் பேசிவிடுவோம். அவள் சொன்னதைச் செய்தால் அது சிகிச்சை ஆகாது, மோசடி. செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் விவரம் அறிந்து எழுத்தில் சம்மதம் தராமல் இந்தச் சிகிச்சையில் எதையும் செய்யக் கூடாது என்பது அதன் அடிப்படை. அந்த மையத்தின் வாசலை இனி மிதிக்காதீர்கள். கணவரின் அணுவோடு டோனர் அணுவையும் கலந்து வைத்து, ‘யாருடையது என்று உங்களுக்கே தெரியாது’ என்று ஆறுதல் சொல்லும் இடங்களைப் பற்றியும் எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஒழுங்கான மையம் அதைச் செய்யாது.

உங்கள் மாமியாரை நான் திட்டப் போவதில்லை. குடும்பத்து ரத்தம் என்பது அவருடைய கவலை. ஆனால் அந்த யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். கொடையாளரைத் தேர்ந்து, சோதித்து, அணுவைச் சேமித்துத் தருவது பதிவு பெற்ற வங்கியின் வேலை. கொடுத்தது யார் என்று உங்களுக்குத் தெரியாது, யாருக்குப் போனது என்று அவருக்கும் தெரியாது. இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005-ல் வெளியிட்ட நெறிமுறைகளில் உறவினர், நண்பர் ஆகியோரின் விந்தணு கூடாது என்று இருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கொழுந்தனார் நாளைக்குக் கல்யாணம் செய்துகொள்வார், அவர் மனைவிக்கும் ஒருநாள் தெரியும். பொங்கலுக்கு எல்லோரும் ஒரே கூடத்தில் சாப்பிட உட்காருவீர்கள். பாகப்பிரிவினையில் ஒரு வரப்புத் தகராறு வந்தால் போதும், குழந்தையின் பிறப்பு தெருவுக்கு வந்துவிடும்.

இனி அந்தப் பரிசோதனைத் தாளுக்கு வருவோம். ஒரே ஒரு பரிசோதனையை வைத்து ‘இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. சில வாரங்கள் கழித்து இன்னொரு முறையாவது பார்க்க வேண்டும். இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் உறவைத் தவிர்த்துவிட்டு, ஆய்வகம் தரும் டப்பாவில், அங்கேயே எடுத்துக் கொடுப்பதுதான் முறை. நம் பக்கத்தில் நடப்பது வேறு. டானிக் பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவி அதில் கொண்டு வருகிறார்கள். கடையில் வாங்கிய ஆணுறையில் கொண்டு வருகிறார்கள், அதில் தடவியிருக்கும் மருந்தே அணுக்களைப் பாதிக்கும். வேதாரண்யத்தில் பஸ் ஏறித் தஞ்சாவூரில் இறங்குகிறவர் சட்டைப் பையில் டப்பாவோடு வருவார், ஒரு மணி நேரத்துக்குள் மேசைக்கு வர வேண்டிய பொருள் அது. தாமதமானால் அணு மறைந்துவிடாது, நீந்துவதுதான் நின்றுபோகும். சிந்திவிட்டால் எண்ணிக்கையே தவறிவிடும், ஏனென்றால் முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம்.

ஆய்வகங்களையும் சொல்ல வேண்டும். ஸ்கேன் அறைக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு கழிப்பறையைக் காட்டி, ‘அங்கே போய் எடுத்து வாருங்கள்’ என்பார்கள். வெளியே ஒருவர் டோக்கன் எண்ணை உரக்கக் கூவிக்கொண்டிருப்பார். மனைவிக்குத் திரை போட்டு, நர்ஸை நிறுத்தி, பேர் சொல்லி அழைக்கிற மருத்துவமனைகள்கூடக் கணவனை இப்படித்தான் நடத்துகின்றன. உங்கள் கணவர் வாய் திறக்காததற்குப் பாதிக் காரணம் அந்தக் கழிப்பறையாகவே இருக்கலாம்.

அணு இல்லை என்று தோன்றும் மாதிரியை மையவிலக்குக் கருவியில் சுழற்றி, குழாயின் அடியில் படியும் துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துத் தேட வேண்டும். மூலை முடுக்கில் வாலை ஆட்டிக்கொண்டு ஒன்றிரண்டு தென்படுவது உண்டு. இக்சி முறையில் ஒரு முட்டைக்கு ஒரு அணு போதும். ஆகவே தாளில் ‘சுழற்றிப் பார்க்கப்பட்டது’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, அவரை யாராவது கையால் தொட்டுப் பரிசோதித்தார்களா? விந்துக்குழாய் விரல்களுக்கு நடுவே வேகாத சேமியா இழை போல உருளும். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், அனுபவமுள்ள இரண்டு விரல்கள் போதும். விரையின் அளவு, ரத்தத்தில் எஃப்.எஸ்.எச்., டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் அளவு, தேவைப்பட்டால் குரோமோசோம் சோதனை, ஒய் குரோமோசோமில் துண்டு விட்டுப்போயிருக்கிறதா என்ற சோதனை ஆகியவற்றைப் பார்த்தால் இரண்டில் ஒன்று தெரியும். உற்பத்தி நடக்கிறது, வழி அடைத்திருக்கிறது. அல்லது உற்பத்தியே நடக்கவில்லை. அவரிடம் சில கேள்விகளையும் கேளுங்கள். வயதுக்கு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரை வீங்கியதா? குடலிறக்கத்துக்கு அறுவை நடந்ததா? உடற்பயிற்சிக் கூடத்தில் யாராவது ஊசி போட்டார்களா? டெஸ்டோஸ்டிரோன் ஊசி உடம்பைத் திரட்டும், விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும். ஆண்மைக்கு நல்லது என்று நினைத்துப் போட்டுக்கொண்டு தாளில் பூஜ்யத்தோடு வருகிற இளைஞர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் திரும்புகிறது. நெல் அவிக்கும் கொதிகலன் சூட்டைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். சூடு எண்ணிக்கையைக் குறைக்கும், ஆனால் முழுப் பூஜ்யத்துக்கு அதை மட்டும் காரணம் காட்டி மற்ற சோதனைகளை விட்டுவிடக் கூடாது.

வழி அடைத்திருந்தால் கணவரின் அணு கிடைக்கும் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஊசியால் எடுத்து இக்சி செய்வார்கள். அப்படியிருக்க, ‘டோனர் தவிர வழியில்லை’ என்று யாராவது சொன்னால் அவர் பரிசோதிக்கவில்லை என்று பொருள். உற்பத்தியே இல்லாவிட்டால் நுண்ணோக்கி வைத்துச் செய்யும் அறுவையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கிடைக்கிறது, மீதிப் பேருக்குக் கிடைப்பதில்லை. ஒய் குரோமோசோமில் விட்டுப்போன துண்டு எது என்பதைப் பொறுத்து, சிலருக்கு அறுவையே வீண் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். பல லட்சம் மிச்சப்படுத்தும் சோதனை அது. வேறு சிலருக்கு அணு கிடைக்கும், ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும். விந்துக்குழாய் பிறவியிலேயே இல்லாதவர்கள் ஒரு மரபணுக் குறையைச் சுமந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் மனைவியையும் சோதிக்க வேண்டியிருக்கும். சொந்த அணு என்றால் சொந்தக் குறையும் சேர்ந்துதான் வரும், இதை மையங்கள் விளக்கிச் சொல்வதில்லை.

டோனர் வழி எப்போது சரி? அணு இல்லை என்பது உறுதியானபோது, அல்லது எடுக்கும் செலவையும் வலியையும் நீங்கள் இருவரும் வேண்டாம் என்று தீர்மானித்தபோது. உங்கள் குழாய்களில் அடைப்பு இல்லை, முட்டை ஒழுங்காக வருகிறது என்றால் உங்களுக்கு ஊசியும் மயக்க மருந்தும் மிச்சம். ஐ.யூ.ஐ. கருப்பைக்குள் அணுவை விடும் எளிய முறை. வங்கியில் வரும் அணு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்குச் சோதிக்கப்பட்டு, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறைந்திருக்கும். அதற்காக முதல் மாதமே நிற்கும் என்று எண்ண வேண்டாம். நல்ல அணு, நல்ல வயது இரண்டும் இருந்தும் முதல் முறையில் பலிக்காதவர்களே அதிகம்.

அறுவை என்று முடிவானால் ஒரு விஷயம். ‘அணு கிடைக்காவிட்டால் டோனர்’ என்று கையெழுத்து கேட்பார்கள். அதை முன்பே இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்மானியுங்கள். அவர் மயக்கத்தில் கிடக்கும்போது, உங்கள் முட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, ‘சீக்கிரம் சொல்லுங்கள் அம்மா’ என்று ஒரு பேனாவை நீட்டுவார்கள். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு உங்கள் முடிவாக இருக்காது.

கணவரிடம் பேச்சை வீட்டில் தொடங்காதீர்கள், மாமியார் காதில் விழும். அவரை மட்டும் முதலில் ஒரு ஆண் மருத்துவரிடம், சிறுநீரகத் துறையாக இருந்தாலும் சரி, அனுப்புங்கள். அணு இல்லாமையும் ஆண்மைக் குறைவும் வேறு வேறு என்பதை இன்னொரு ஆண் வாயால் அவர் கேட்க வேண்டும். உங்களுக்கு 31 தான். ஓரிரு மாதம் இந்தச் சோதனைகளுக்கு எடுத்துக்கொள்ளலாம், ஓரிரு வருடம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் கணவர் குவைத்தில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு முறை விடுப்பு. இருவருக்கும் குறை எதுவும் இல்லை என்கிறார்கள். ஆனால் அவர் வரும் நாள்களும் எனக்குக் கரு நிற்கும் நாள்களும் ஒத்துப்போவதில்லை. எங்கள் மார்க்கத்தில் அந்நியர் அணு கூடாது. வேறு வழி உண்டா?
— கூத்தாநல்லூர்

பதில்: உங்களுக்கு டோனர் பேச்சே தேவையில்லை. அவர் விடுப்பில் வரும்போது அவருடைய அணுவை உறையவைத்துவிட்டுப் போகலாம். அவர் அங்கே இருக்கும்போதே உங்களுக்கு முட்டை வெடிக்கும் நாளில் அதை ஐ.யூ.ஐ.க்குப் பயன்படுத்தலாம். திருமண உறவு நீடிக்கும்போது கணவரின் அணுவை மனைவிக்கு வைப்பதைப் பெரும்பாலான உலமாக்கள் அனுமதிக்கிறார்கள். உங்கள் ஜமாஅத் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். உறைந்து உருகும்போது ஒரு பகுதி அணுக்கள் இறந்துபோகும், அதனால் ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகளைச் சேமியுங்கள். விடுப்பின் கடைசி நாளில் விமானத்துக்கு ஓடும் அவசரத்தில் வந்து நிற்காமல், வந்த முதல் வாரத்தில் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறைக்கும் அவருடைய எழுத்துச் சம்மதம் எப்படிப் பெறப்படும் என்பதையும் மையத்தில் கேளுங்கள். டப்பாவில் அவர் பெயரும் உங்கள் பெயரும் ஒட்டியிருப்பதை அவரே பார்த்துவிட்டுப் போகட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: எனக்கு வயது 34, மனைவிக்கு 37. (காதல் திருமணம்.) என் விந்தணு எண்ணிக்கை (கவுன்ட்) 9 மில்லியன். பல முறை ஐ.யூ.ஐ. செய்தும் பலன் இல்லை. ‘டோனர் போட்டால் உடனே நிற்கும்’ என்கிறார்கள். மாறிவிடலாமா?
— திருத்துறைப்பூண்டி

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் காதல் திருமணம் என்று ஏன் எழுதினீர்கள்? வயதைக் கேட்டு நான் முகம் சுளிப்பேன் என்றா? சுளிக்கவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு விடை அந்த 37-ல்தான் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேடு, கீழ் எல்லையாக ஒரு மில்லிலிட்டருக்கு 16 மில்லியன் அணுக்கள், மொத்தம் 39 மில்லியன், நீந்துபவை 42 சதவீதம் என்று கொடுக்கிறது. இந்த எல்லை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களைச் சோதித்து, அவர்களில் கடைசி ஐந்து சதவீதம் எங்கே தொடங்குகிறதோ அங்கே கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே இருந்தும் தந்தையானவர்கள் அவர்களிடையே உண்டு. 9 மில்லியன் என்பது குறைவு, இல்லாமை அல்ல. டோனரைத் தேடும் நிலை இது கிடையாது.

ஐ.யூ.ஐ.யை மேலும் மேலும் செய்துகொண்டே போவதும் சரியில்லை. மூன்று நான்கு முறைக்கு மேல் பலிக்காவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டும், மனைவிக்கு 37 என்றால் இன்னும் சீக்கிரம். டோனர் அணு வந்தால் உங்கள் பக்கத்துக் குறை தீரும், முட்டையின் வயது குறையாது. அவருக்கு, முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். சோதனையும் குழாய்களின் சோதனையும் செய்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் அதை முதலில் செய்யுங்கள். உங்கள் 9 மில்லியனை வைத்தே இக்சி செய்யலாம். பிரஸ்ஸல்ஸில் 1992-ல் முதல் வெற்றிகள் அறிவிக்கப்பட்ட அந்த முறை உங்களைப் போன்றவர்களுக்காகவே வந்தது. சொந்த அணுவை வைத்து இக்சி செய்தும் கரு உருவாகாமலே போகிறது என்றால் அப்போது டோனரைப் பற்றிப் பேசலாம்.

இடையில் உங்களுக்குக் கடுமையான காய்ச்சல், டெங்கு, டைபாய்டு ஏதாவது வந்ததா? ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதம் ஆகும். ஐப்பசியில் வந்த காய்ச்சலின் கணக்கைத் தை மாதத் தாளில் பார்க்கலாம். சிகரெட்டை நிறுத்துங்கள், விரைப்பையில் புடைத்துச் சுருண்ட ரத்தக்குழாய் இருக்கிறதா என்று காட்டுங்கள். திருக்கருகாவூர்க் கோயில் நெய்யை நான் யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை, தாராளமாகச் சாப்பிடட்டும். லேபிள் இல்லாத டப்பாவில் வரும் ‘கவுன்ட் லேகியத்தை’ மட்டும் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: என் மகனுக்காக டோனர் ஏற்பாடு செய்கிறார்கள். எங்கள் ஜாதியிலேயே கிடைக்குமா? பேரன் எங்கள் ஜாடையில் இருப்பானா?
— பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: ஜாதி தெரியும் நுண்ணோக்கியை நான் இதுவரை பார்த்ததில்லை, அம்மா. உயரம், நிறம், ரத்த வகை ஆகியவற்றை ஓரளவு பொருத்திப் பார்ப்பார்கள். மருமகளின் ஜாடை வரலாம், அவர் குடும்பத்துக் காதும் மூக்கும் வரலாம். ‘பேரன்’ என்று இப்போதே எழுதிவிட்டீர்கள். பேத்தியாகவும் இருக்கலாம், ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுக்கச் சட்டம் இடம் கொடுக்காது.

கேள்வி: டோனர் மூலம் பிறந்த எங்கள் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. எங்கள் இருவர் சம்மதத்தோடும் நடந்தது. கணவர் ரத்த வகை ஓ, நான் பி, மகள் ஏ. பள்ளியில் அறிவியல் பாடத்தில் ஒருநாள் இது வரும் என்று பயமாக இருக்கிறது. சொல்ல வேண்டுமா? சொன்னால் அப்பாவை வெறுத்துவிடுவாளோ என்று கணவர் அழுகிறார்.
— மயிலாடுதுறை

பதில்: சொல்லுங்கள். பாடப்புத்தகம் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

இதில் எல்லா மருத்துவர்களும் ஒத்துப்போவதில்லை, தெரியும். என் தலைமுறையில் பலர், ‘வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுங்கள்’ என்று சொல்லி அனுப்பினார்கள். நம் சட்டமும் கொடையாளரின் அடையாளத்தை மறைக்கிறது. ஆனால் ஸ்வீடன் 1985-லேயே, பிள்ளை வளர்ந்த பிறகு கொடையாளர் யார் என்று அறிய உரிமை கொடுத்தது. பிரிட்டனில் 2005 ஏப்ரல் 1-க்குப் பிறகு பதிவு செய்த கொடையாளர்களைப் பற்றிப் பிள்ளைகள் 18 வயதில் தெரிந்துகொள்ளலாம். நம் நாட்டில் அந்த வழி இல்லை என்றாலும், எச்சிலைக் குழாயில் துப்பித் தபாலில் அனுப்பினால் வம்சாவளியைச் சொல்லும் சோதனைகள் வந்துவிட்டன. உங்கள் மகள் இருபது வயதில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போய், தோழிகளோடு விளையாட்டாக ஒன்றை வாங்கிப் பார்த்தால்? தெரிய வந்த செய்தியைவிட, இருபது வருடம் மறைத்தார்கள் என்பதுதான் அவளைச் சுடும்.

இன்னொரு காரணமும் உண்டு. நாளை ஒரு மருத்துவர், ‘அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா, இதய நோய் உண்டா’ என்று கேட்டால் அவள் தவறான விடையைச் சொல்வாள்.

எப்படிச் சொல்வது? நாள் குறித்து, உட்கார வைத்து, அழுதுகொண்டே சொல்லாதீர்கள். அழுதால் ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்றுதான் குழந்தை எடுத்துக்கொள்ளும். ‘குழந்தை பிறக்க அம்மாவிடமிருந்து ஒரு முட்டையும், ஆணிடமிருந்து ஒரு அணுவும் வேண்டும். அப்பாவின் உடம்பில் அந்த அணு இல்லை. டாக்டர் மூலமாக வேறொருவர் கொடுத்தார், நீ பிறந்தாய்.’ இவ்வளவுதான். அதை அப்பாவே சொல்வது நல்லது. மீதியை அவள் கேட்கிறபோது, கேட்கிற அளவுக்குச் சொல்லுங்கள். ‘யாரிடமும் சொல்லாதே’ என்ற சுமையை அவள் தலையில் வைக்காதீர்கள். யாரிடம் சொல்வது என்பது அவளுடைய விருப்பம் என்று விடுங்கள். அதனால் அத்தை, சித்தி காதுக்குப் போகக்கூடும், அதற்கு நீங்கள் இருவரும் தயாராக வேண்டும்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. திருமணத்துக்குள், உங்கள் சம்மதத்தோடு பிறந்தவள், உங்கள் மகள். அவள் வாந்தி எடுத்த இரவுகளில் எழுந்து துடைத்தவர் நீங்கள். பிறப்புச் சான்றிதழில் இருப்பதும் உங்கள் பெயர். அவள் கேட்கப்போவது பெரும்பாலும், ‘சரி, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு வருவாயா மாட்டாயா’ என்றுதான் இருக்கும்.

கேள்வி: தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிறேன், வயது 20. விந்தணு தானம் செய்தால் நல்ல பணம் வரும் என்று விடுதியில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா?

பதில்: 21 வயது முடியாமல் வாங்க மாட்டார்கள், மேல் எல்லை 55. ஆதார் முதல் எல்லாம் கேட்பார்கள். நோய்ச் சோதனைகள் நடக்கும். ஒரு கொடையாளரின் அணுவை ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது சட்டம், ஆகவே வாரம் ஒருமுறை போய்ச் சம்பாதிக்கலாம் என்ற விடுதிக் கணக்கு ஒத்துவராது. பிறக்கும் குழந்தையின் மேல் உங்களுக்கு உரிமையும் கிடையாது, பொறுப்பும் கிடையாது. வயது 21 ஆன பிறகும் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் பதிவு பெற்ற வங்கிக்கு நேராகப் போங்கள். விடுதி வாசலில் கமிஷனுக்கு ஆள் பிடிக்கிறவரிடம் உங்கள் ஆதார் நகலைக் கொடுத்துவிடாதீர்கள்.